வேர் பிடிக்கும் வரைதான் கவனம்: சக்குலன்ட் கேள்வி – பதில்

எச்செவேரியா, கிராப்டோபெட்டலம் ஆகிய சக்குலன்ட் (தடித்த இலையில் நீர் சேமிக்கும்) செடிகளின் இலைகளைப் பறித்து மண்மேல் பரப்பி ஒரு மாதம் ஆகிறது. சில அழுகிவிட்டன. சிலவற்றில் இளஞ்சிவப்பு வேர் மட்டும் வந்திருக்கிறது. இரண்டே இரண்டில்தான் கன்று தெரிகிறது. எங்கே தவறு?

அழுகியவற்றில் பெரும்பாலானவை பறித்த விதத்தால் போயிருக்கும். புதுக்கன்று கிளம்புவது, இலை தண்டோடு ஒட்டியிருந்த அடிமுனையிலிருந்துதான். அந்த முனை கிழிந்து பாதி தண்டிலேயே தங்கிவிட்டால், மீதி இலை எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் கன்று வராது. காயத்தின் வழியே பூஞ்சையும் நுழைந்துவிடும்.

செடிக்கு நான்கைந்து நாள் தண்ணீர் காட்டாமல் விட்டுப் பறியுங்கள். தண்ணீர் நிரம்பி விறைத்திருக்கும் இலை நடுவில் ஒடியும், சற்றே தளர்ந்த இலை முழுதாகக் கழன்று வரும். இலையை நடுவில் பிடித்து இடமும் வலமும் மெதுவாக அசைத்தால் சின்னச் சொடுக்கோடு கையில் வரும். அடிமுனை வழுவழுவென்று, குழிவில்லாமல் இருந்தால் நல்ல இலை. அதை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் மூன்று முதல் ஐந்து நாள் உலரவிட்டு, காயம் ஆறித் தோல் கட்டிய பிறகே மண்மேல் வையுங்கள். இலையைப் புதைக்க வேண்டாம், படுக்கப் போட்டாலே போதும்.

வேர் மட்டும் வந்த இலைகளைத் தூக்கி எறியாதீர்கள். வேர் இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும், கன்று கண்ணில் படவோ எட்டு வாரம்கூட ஆகலாம். வேர் வெளியே தொங்கினால் காய்ந்து கருகும், அதனால் அதன்மேல் மெல்லியதாக மண் தூவுங்கள். பல மாதமாகியும் வேர் மட்டுமே இருக்கும் இலையில், அடிமுனையில் கன்று கிளம்ப வேண்டிய மொட்டு சேதமாகியிருக்கும், அதற்காக மேலும் காத்திருப்பதில் பயனில்லை. கன்று முதலில் வந்து வேர் பின்னால் வருவதும் உண்டு, பயப்பட வேண்டாம்.

தாய் இலை சுருங்கிக் காகிதம்போல் உலரும்வரை பிய்க்காதீர்கள். அதுவரை கன்றுக்குச் சாப்பாடும் தண்ணீரும் அதுதான்.

ஒரு வார்த்தை கூடுதலாக: எல்லா இனமும் இலையிலிருந்து வராது. செடம், ஜேட், கலஞ்சோ வரும். ஏயோனியம், சோற்றுக்கற்றாழை, அகேவ் ஆகியவற்றின் இலையை நட்டு ஏமாற வேண்டாம். ஏயோனியத்துக்குத் தண்டுத் துண்டு, மற்ற இரண்டுக்கும் பக்கக்கன்று.

'வாரம் ஒருமுறை தண்ணீர் போதும்' என்கிறார்கள். அப்படியே செய்தேன், குட்டிக் கன்றுகள் காய்ந்துவிட்டன.

வளர்ந்த செடிக்கான அறிவுரையைக் கன்றுக்குப் பொருத்தியதால் வந்த வினை இது. கன்றின் வேர் மண்ணுக்குள் ஓரிரு சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். சிறு தொட்டியில் அந்த மேல்மண் ஓரிரு நாளிலேயே உலர்ந்துவிடும். தாய் இலை இருக்கும்வரை கன்று தாங்கும், இலை வற்றிய பிறகு சேமிப்பு எதுவும் இல்லை.

எனவே வேர் கண்டதிலிருந்து கன்று இரண்டு சென்டிமீட்டர் அகலமாகும்வரை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வேர்ப்பகுதி மண்ணை மட்டும் நனையுங்கள். இலைமேல் தெளிப்பதால் பலனில்லை. நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் அங்கேயே அழுகலாம், ஊதி வெளியேற்றிவிடுங்கள்.

அந்த அளவைத் தாண்டியதும் முறையை மாற்றுங்கள். தொட்டியை இரண்டு சென்டிமீட்டர் தண்ணீருள்ள தட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, முழுதாக வடியவிடுங்கள். ஈரம் கீழே இருந்தால்தான் வேர் கீழே தேடிப் போகும். அடுத்த தண்ணீர் எப்போது என்பதற்கு நாள் கணக்கு வேண்டாம். ஒரு மரக்குச்சியை அடிவரை செருகிச் சற்றுப் பொறுத்து எடுங்கள். குச்சி உலர்ந்து, மண் ஒட்டாமல் வந்தால் ஊற்றலாம்.

மண்கலவை எப்படி? தொட்டியின் அடியில் கூழாங்கல் போட வேண்டுமா?

கூழாங்கல் வேண்டாம். பொடிமண்ணில் உள்ள தண்ணீர், அந்த மண் முழுதும் ஊறி நிரம்பாமல் கீழேயுள்ள கல்லடுக்குக்கு இறங்காது. கல் போட்டால் ஈரம் தேங்கும் பகுதி மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும். துளையே இல்லாத தொட்டியில் கன்று வைக்காதீர்கள்.

கலவைக்கு, சலித்த இலைமட்கு அல்லது கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு. பெர்லைட், பியூமிஸ் (இரண்டும் துளைகள் நிறைந்த இலேசான எரிமலைக்கல் வகை), உடைத்த செங்கல் இவற்றில் கிடைப்பது இரண்டு பங்கு. துகள் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இருக்கட்டும். அதைவிடப் பொடியானதைச் சலித்து நீக்குங்கள், தூசிதான் காற்றிடைவெளியை அடைக்கிறது. கோகோபீட்டை இரண்டு மூன்று முறை அலசி உப்பை வெளியேற்றுங்கள். அதைத் தனியாகப் பயன்படுத்தினால் ஒருமுறை சுண்டக் காய்ந்ததும் ஓரங்களில் விலகி நிற்கும், ஊற்றும் தண்ணீர் பக்கவாட்டிலேயே ஓடிவிடும். கடல்மணல் கூடவே கூடாது.

தொட்டி ஐந்தாறு சென்டிமீட்டர் அகலம் போதும். 'பெரிதாகத்தானே வளரப்போகிறது' என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

கன்று தண்டு நீண்டு, இலைகள் விலகி விலகி வருகின்றன. குட்டையாக்க முடியுமா?

வெளிச்சக் குறைவு. நீண்ட தண்டு திரும்பக் குறுகாது. வெளிச்சத்துக்கு மாற்றினால் இனி வரும் இலைகள் நெருக்கமாக வரும், அவ்வளவுதான். செடி சற்றுப் பெரிதானதும் தலைப்பகுதியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்டோடு வெட்டி, உலர்த்தி நடுங்கள். அடித்தண்டிலும் புதுத்தளிர் வரும்.

மாற்றும்போது அவசரம் வேண்டாம். முதல் மூன்று நாள் காலை வெயிலில் அரைமணி நேரம், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி இரண்டு வாரத்தில் நான்கு மணி நேரம். திடீர் வெயிலில் விழும் பழுப்புத் தழும்பு அந்த இலை உதிரும்வரை மறையாது.

மண் ஈரமாகவே இருக்கிறது, ஆனால் இலை சுருங்கியிருக்கிறது. இன்னும் ஊற்றலாமா?

ஊற்றவே கூடாது. ஈரமண்ணில் இலை சுருங்கினால் வேர் அழுகித் தண்ணீர் உறிஞ்ச முடியாமல் போயிருக்கலாம். இலை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவினாலோ, தொட்டதும் உதிர்ந்தாலோ இன்றே பிடுங்கிப் பாருங்கள்.

வேரும் அடித்தண்டும் கருத்திருந்தால், ஆல்கஹாலில் துடைத்த பிளேடால் கருமைக்கு மேலே வெட்டுங்கள். வெட்டுமுகத்தைக் கூர்ந்து பாருங்கள். நடுவில் பழுப்புப் புள்ளியோ வளையமோ இருந்தால் அழுகல் இன்னும் மேலே இருக்கிறது. பிளேடை மறுபடி துடைத்து, அரை சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். முகம் முழுதும் வெளிர்பச்சையாகும்வரை இப்படியே. கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் திரும்பப் பரவும், இதில் இரக்கம் பார்க்காதீர்கள். பிறகு நிழலில் ஐந்தாறு நாள் உலர்த்தி, காய்ந்த கலவைமேல் நிறுத்துங்கள். வேர் எட்டிப்பார்த்ததும் தண்ணீர் காட்டலாம். பழைய மண்ணை வேறு சக்குலன்டுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இலையில் வெள்ளையாக இருப்பது நோயா?

இலை முழுதும் சீராகப் படிந்த மெல்லிய பொடி என்றால் அது செடியே சுரக்கும் மெழுகு, வெயிலிலிருந்து காக்கிறது. துடைத்தால் அந்த இடத்தில் பெரும்பாலும் மீண்டும் படியாது, விரல்தடம் அப்படியே நிற்கும்.

இலைக்கக்கத்தில் பஞ்சுபோல் திட்டுத்திட்டாக இருந்தால் மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பூச்சியை மட்டும் தொடுங்கள். முட்டைகள் தப்பிவிடும், ஆகவே வாரம் ஒருமுறை என நான்கு வாரம் செய்ய வேண்டும். மாலையில் செய்து, ஈரம் காயும்வரை வெயிலில் வைக்காதீர்கள். எறும்பு நடமாட்டம் இருந்தால் அதையும் தடுங்கள், பூச்சியைச் செடிக்குச் செடி சுமப்பது அதுதான். வேரிலும் பஞ்சு தெரிந்தால் வேரில் ஒட்டிய மண்ணை முழுக்கக் கழுவி நீக்கி, இரண்டு மூன்று நாள் உலர்த்திப் புதுக்கலவையில் நடுங்கள்.

மஞ்சள் விளிம்புள்ள ஸ்னேக் பிளான்ட் இலையைத் துண்டாக்கி நட்டேன். கன்று வெறும் பச்சையாக வந்திருக்கிறது.

அப்படித்தான் வரும். மஞ்சள் விளிம்பு இலைத்துண்டின் வழியே கடத்தப்படுவதில்லை. விளிம்பு வேண்டுமென்றால் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கைக் கன்றோடு சேர்த்துப் பிரித்து நடுங்கள்.

கன்றுகளுக்கு உரம் எப்போது?

தாய் இலை உலர்ந்து, கன்று சொந்த வேரில் நின்று, புதிய இலை விடத் தொடங்கிய பிறகு. திரவ உரத்தை டப்பாவில் சொன்ன அளவில் கால்பங்காகக் கரைத்து, மாதம் ஒருமுறை, ஈரமான மண்ணில் மட்டும். தொட்டி மாற்றிய முதல் மாதமும், வளர்ச்சி நின்றிருக்கும் பருவத்திலும் எதுவும் போட வேண்டாம்.