பழைய சிந்தசைசரை மிடியில் ஓட்ட: கன்வெர்ட்டர் வாங்கும் முன் ஜாக்கைப் பாருங்கள்

கேள்வி: என் மாமா 80களில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அவர் வைத்திருந்த ரோலண்ட் எஸ்ஹெச்-101, கோர்க் எம்எஸ்-10 இரண்டும் இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. இரண்டிலும் மிடி (கணினியும் இசைக்கருவிகளும் எண்களில் பேசிக்கொள்ளும் முறை) இல்லை. லாப்டாப்பில் நான் எழுதும் இசையை இவற்றில் ஒலிக்கவைக்க ஆசை. மிடி-சிவி கன்வெர்ட்டர் என்று தேடினால் ஏகப்பட்டது வருகிறது. பெரிய தொகை போட முடியாது. எதை வாங்கலாம்? சாலிடரிங் தெரியும், ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சிறு சர்க்யூட் பலகை) கொஞ்சம் பழக்கம். நானே செய்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஒன்றுக்குத்தான். இன்னொன்றுக்கு வாங்கிவிடுங்கள். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

எம்எஸ்-10 வந்தது 1978இல், எஸ்ஹெச்-101 வந்தது 1982இல். மிடி 1983இல்தான் வந்தது. அதற்கு முன்பு இந்தக் கருவிகள் ஒன்றோடொன்று பேசியது வெறும் மின்னழுத்தத்தில். எந்தச் சுரம் என்று சொல்ல ஒரு வோல்ட்டேஜ், அதுதான் சிவி. எப்போது தொடங்கி எப்போது முடிக்க வேண்டும் என்று சொல்ல இன்னொரு வோல்ட்டேஜ், அது கேட். கன்வெர்ட்டரின் வேலை மிடியில் வரும் எண்களை இந்த இரண்டு வோல்ட்டேஜாக மாற்றித் தருவது மட்டுமே. சிக்கல் என்னவென்றால், எத்தனை வோல்ட்டுக்கு எந்தச் சுரம் என்பதில் கம்பெனிகள் ஒத்துப்போகவில்லை. உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டும் எதிரெதிர் கட்சி.

எஸ்ஹெச்-101, மூக், ஆர்ப் கம்பெனிகளின் கருவிகள் எல்லாம் ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்ற கணக்கு. 1, 2, 3, 4 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொரு ஸ்தாயியாக ஏறும். கோர்க் எம்எஸ் வரிசையும் யமஹாவின் பழைய சிஎஸ் வரிசையில் பலவும் ஹெர்ட்ஸ்/வோல்ட் கணக்கு. அங்கே வோல்ட்டேஜ் இரட்டித்தால்தான் ஒரு ஸ்தாயி ஏறும்: 1, 2, 4, 8.

மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பாடம். 1, 2, 3, 4 வோல்ட்டை எம்எஸ்-10க்குக் கொடுத்தால் ஸட்ஜமம், மேல் ஸட்ஜமம், அதற்கு மேல் பஞ்சமம், அப்புறம் இன்னும் மேல் ஸட்ஜமம் என்று ஒலிக்கும். தம்புராவின் ஒரே தந்தியில் கேட்கும் அதே மேற்சுரங்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் நீங்கள் எழுதிய மெட்டு வராது. நிறைய பேர் இங்கேதான் "சிந்தசைசர் கெட்டுப்போச்சு" என்று நினைத்து ரிப்பேருக்கு எடுத்துப்போகிறார்கள். கருவியில் ஒரு கோளாறும் இருக்காது.

கேட்டிலும் இதே கதை. எஸ்ஹெச்-101க்கு 5 வோல்ட் வந்தால் சுரம் தொடங்கும், 0 ஆனால் முடியும். எம்எஸ்-10இன் ட்ரிக் ஜாக் காலிங் பெல் சுவிட்ச் மாதிரி: வெளியிலிருந்து வோல்ட்டேஜ் வேண்டாம், அந்த முனையைக் கிரவுண்டோடு சேர்த்தால் போதும். இதற்கு எஸ்-ட்ரிக் என்று பெயர், பழைய மினிமூக்கும் இப்படித்தான். சாதாரண கேட்டை இதில் செருகினால் நடப்பு தலைகீழாகிவிடும். கட்டையை அழுத்தினால் மௌனம், விட்டால் ஓயாத சத்தம். இதைச் சரிசெய்ய பிசி547 போன்ற ஒரு என்பிஎன் வகை டிரான்ஸிஸ்டர் போதும், பிஎன்பி வகை வேண்டாம். கேட்டிலிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் ட்ரிக் ஜாக்குக்கு. சில ரூபாயில் முடிகிற வேலை, கேபிளின் பிளக்குக்குள்ளேயே அடங்கிவிடும். ஆக, கேட் பொருந்தவில்லை என்பதற்காக விலை கூடிய கன்வெர்ட்டருக்குப் போக வேண்டாம். சுருதிக் கணக்குப் பொருந்தாவிட்டால்தான் காசு செலவாகும்.

எஸ்ஹெச்-101க்கு நீங்களே செய்யுங்கள். ஒரு ஆர்டுயினோ நானோ, மிடி உள்ளீட்டுக்கு 6என்138 ஆப்டோகப்ளர் (மின் தொடர்பில்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிப்), வோல்ட்டேஜ் தர எம்சிபி4822 என்ற 12 பிட் டாக் ஐசி (எண்ணை வோல்ட்டேஜாக மாற்றும் சிப்). இந்த ஐசியை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. அதற்குள்ளேயே அளவுகோலாக 2.048 வோல்ட் ரெஃபரன்ஸ் இருக்கிறது, இரண்டு மடங்கு கெயின் வைத்தால் மொத்தம் 4.096 வோல்ட், 4,096 படிகள். அதாவது ஒரு படி என்பது 1 மில்லிவோல்ட். ஒரு அரைச்சுரத்துக்கு 83.33 மில்லிவோல்ட் என்பதால், மிடி எண்ணிலிருந்து 36ஐக் கழித்து 83.33ஆல் பெருக்கினால் டாக்குக்கு அனுப்ப வேண்டிய எண் கையில் வந்துவிடும். நான்கு ஸ்தாயி கிடைக்கும். எஸ்ஹெச்-101இல் இருப்பதே 32 கட்டைகள்தான், தாராளம்.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எம்சிபி4725 பலகையைப் பலர் சிபாரிசு செய்வார்கள். அதுவும் 12 பிட்தான், ஆனால் தனக்கென்று ரெஃபரன்ஸ் இல்லை, சப்ளை வோல்ட்டேஜையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பி 5 வோல்ட் 4.9 ஆனால் உங்கள் சுருதியும் கூடவே இறங்கும். ஆர்டுயினோவின் பிடபிள்யூஎம் காலில் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் வெளியீடு) வருவதை வடிகட்டிப் பயன்படுத்தும் வழி இன்னும் மோசம். 8 பிட்டில் ஒரு படி ஏறத்தாழ 20 மில்லிவோல்ட், அதாவது 24 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). பிசிறு காதில் உறுத்தும். ஒலியின் நிறத்தை மாற்றும் ஃபில்டரைத் திறந்து மூடவென்றால் சரி, சுரத்துக்கு வேண்டாம்.

கட்டும்போது இரண்டு விஷயம். ஒன்று, மிடி உள்ளீடு நானோவின் ஆர்எக்ஸ் (தரவு வாங்கும்) காலில் இருப்பதால் புரோகிராம் ஏற்றும்போது அந்த இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு, பாதுகாப்புக்காகக் கேட் காலில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் போடலாம், சிவி காலில் போடாதீர்கள். எதிர்முனையின் உள்ளீடு 100 கிலோஓம் என்று வைத்துக்கொண்டால், அந்த 1 கிலோஓம் சுமார் 1 சதவீதத்தைத் தின்றுவிடும். 4 வோல்ட்டில் அது 40 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி. ஒரே சிவியை ஒய் கேபிளில் பிரித்து இரண்டு கருவிகளுக்குக் கொடுப்பவர்களுக்கு மேல் ஸ்தாயியில் சுருதி இறங்குவதும் இதனால்தான்.

இதையே எம்எஸ்-10க்கும் செய்யலாமே என்று தோன்றும். கணக்கு போட்டுப் பாருங்கள். உச்சியில் 8 வோல்ட் என்றால், ஐந்து ஸ்தாயி கீழே வெறும் 0.25 வோல்ட். அங்கே ஒரு அரைச்சுரத்துக்கு 15 மில்லிவோல்ட்தான் இடம். 1 மில்லிவோல்ட் பிசகினாலே 7 சென்ட் போய்விடும். பேஸ் (அடிச்சுரங்கள்) வாசிக்கத்தானே எம்எஸ்-10 வேண்டும்? அந்தப் பேஸில்தான் வீட்டில் செய்த கன்வெர்ட்டர் தடுமாறும். அதனால்தான் இதற்கு மட்டும் காசு கொடுங்கள் என்கிறேன்.

எனது தேர்வு ஆர்டூரியா கீஸ்டெப். 2016இல் வந்த 32 கட்டைக் கீபோர்டு. யுஎஸ்பி வழியாக லாப்டாப்பிலிருந்து வருவதைச் சிவியாக மாற்றும். அதன் அமைப்பு மென்பொருளில் 1 வோல்ட்/ஸ்தாயியா ஹெர்ட்ஸ்/வோல்ட்டா என்றும், கேட் 5 வோல்ட்டா, 12 வோல்ட்டா, எஸ்-ட்ரிக்கா என்றும் தேர்ந்தெடுக்கலாம். பழையதாகக் கிடைத்தாலும் பயமில்லாமல் வாங்கலாம், கட்டைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். கட்டையே வேண்டாம், விலை இன்னும் குறைய வேண்டும் என்றால் கோர்க் எஸ்கியூ-1. கோர்க்கே செய்தது என்பதால் ஹெர்ட்ஸ்/வோல்ட் அதற்குத் தெரியும், யுஎஸ்பி மிடியையும் ஏற்கும். கென்டன் ப்ரோ சோலோ இவை எல்லாவற்றையும்விட நுணுக்கமானது, இரண்டு கணக்கும் எஸ்-ட்ரிக்கும் அதில் உண்டு. ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு அது தேவையில்லை.

கீஸ்டெப், எஸ்கியூ-1 இரண்டிலும் 3.5 மிமீ ஜாக். எஸ்ஹெச்-101இலும் அதே. எம்எஸ்-10 மட்டும் கிட்டார் கேபிள் செருகும் 6.35 மிமீ. மோனோ கேபிளாக, ஒரு முனை சிறியது மறுமுனை பெரியது என்று இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்டுயினோ கன்வெர்ட்டருக்கு ஐந்து முள் மிடி வேண்டும் என்பதால் லாப்டாப்புக்கு ஒரு யுஎஸ்பி-மிடி கேபிள் தேவைப்படும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெயரே இல்லாத ஒரு கேபிளை மலிவாக வாங்கி நான் மூன்று வாரம் அவதிப்பட்டேன். வேகமாக வாசித்தால் சுரத்தை நிறுத்தச் சொல்லும் சில நோட்-ஆஃப் செய்திகள் தொலைந்துபோய்ச் சுரம் அப்படியே நின்றுவிடும். நான் என் புரோகிராமிலேயே தவறு தேடிக்கொண்டிருந்தேன். பெயர் தெரிந்த கம்பெனியின் சாதாரண இன்டர்ஃபேஸ் எதுவானாலும் போதும்.

இன்னொரு வழி சொல்கிறேன், சிலருக்கு இதுவே போதும். எஸ்ஹெச்-101க்குள் 100 படிச் சீக்வென்ஸர் (சுரங்களைப் பதிந்து வரிசையாக வாசிக்கும் பகுதி) இருக்கிறது, வெளி கிளாக்குக்கு ஒரு ஜாக்கும் இருக்கிறது. மெட்டை அதிலேயே பதிந்துவிட்டு, தாளத்துக்கு மட்டும் கீஸ்டெப்பின் சிங்க் அவுட்டிலிருந்து துடிப்பு கொடுத்தால் லாப்டாப்போடு சேர்ந்து ஓடும். சிவியே வேண்டாம், சுருதிப் பிரச்சினையும் இல்லை. கட்டையில் எவ்வளவு அழுத்தி வாசிக்கிறீர்கள் என்பதையோ ஃபில்டர் நகர்வையோ எஸ்ஹெச்-101க்கு எப்படியும் அனுப்ப முடியாது, ஃபில்டருக்கென்று வெளி உள்ளீடே அதில் கிடையாது. கையால் திருப்பித்தான் ஆக வேண்டும். எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை.

சுருதி சேர்க்கும் முன் இரண்டையும் அரை மணி நேரம் சூடாக விடுங்கள். மல்ட்டிமீட்டரின் 20 வோல்ட் அளவில் 10 மில்லிவோல்ட்டுக்குக் கீழே தெரியாது, அது 12 சென்ட் என்பதால் போதாது. ட்யூனர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழ் ஸட்ஜமத்தைச் சிந்தசைசரின் ட்யூன் குமிழியில் சேருங்கள். மேல் ஸ்தாயி பிசகினால் புரோகிராமில் அந்த 83.33ஐத் துளித்துளியாக மாற்றுங்கள். டாக் ஐசிக்கு ஐசி கொஞ்சம் வேறுபடும், அதனால் உங்களுக்கான எண் 82.9 என்றோ 83.8 என்றோ அமையலாம். கருவிக்குள் இருக்கும் ட்ரிம்மரைத் தொடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால், எம்எஸ்-10இன் பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது பாருங்கள். ஜப்பானில் விற்றதென்றால் 100 வோல்ட், நம் ஊர் 230ஐ நேரே கொடுத்தால் அன்றோடு முடிந்தது. மாமா இத்தனை வருடம் அதை ஓட்டியிருக்கிறார் என்றால், அவர் வீட்டுப் பரணில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கிடக்க வாய்ப்பு உண்டு. தேடி எடுத்து வையுங்கள்.