பலகைத் தளத்துக்குச் சாயம் பூசமுதல் எதனால் கழுவுவது?

விறாந்தைக்கு முன்னால் போட்ட முதிரைப் பலகை மாரியில் பாசி பிடித்துச் சாம்பலாகிவிட்டது, குளோரினால் கழுவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். குளோரின் பூஞ்சணத்தைக் கொல்லும்தான். ஆனால் மரநாரைப் பிணைத்திருக்கும் லிக்னினையும் அரிக்கும், மேற்பரப்பு பஞ்சுபோல எழும்பும்.

சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஒட்சிசன் வகைத் தூள் வாங்குங்கள். சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணித்தியாலம் காயவிடாமல் வைத்து, தும்புத் தூரிகையால் நார் ஓடும் பக்கமாகத் தேயுங்கள். கம்பித் தூரிகை கூடவே கூடாது. உடைந்த துணுக்கு மரத்தில் நின்று துருப்பிடித்துக் கருந்திட்டாகும். ஆணியைச் சுற்றி ஏற்கெனவே கறுத்திருந்தால், தூளை அலசிய பிறகு ஒக்சாலிக் அமிலம், கையுறையோடு. அதைக் குளோரினோடு மட்டும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும்.

பழைய வார்னிஷ் இருக்கிறதா? அப்படியென்றால் உரித்தே ஆகவேண்டும்.

இரண்டு நாள் நல்ல வெயில் பட்டபின் நீர்த்துளி விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் சரி, பூசலாம்.