லடாக் போன்ற குளிர் மலைப் பகுதியில் தோட்டக்கலை விஞ்ஞானிக்கு என்ன வேலை இருக்கும்? அந்தத் துறைக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். லடாக்கில் பழ மரங்களோடும் குளிர்காலக் காய்கறிகளோடும் பல வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"அந்தக் குளிரில் என்ன விளையும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறையவே விளையும். கோடையில் முட்டைக்கோஸ், முள்ளங்கி, டர்னிப், பட்டாணி, உருளைக்கிழங்கு எல்லாம் அருமையாக வரும். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர் என்பதால் காய் திரட்சியாகவும் இனிப்பாகவும் இருக்கும். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை 100 மில்லிமீட்டர் அளவுதான், குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஆனாலும் அங்கே உண்மையில் பற்றாக்குறையாக இருப்பது நாட்கள்தான். உறைபனி இல்லாத காலம் மே முதல் செப்டம்பர் வரை. பெரும்பாலான கிராமங்களில் வருடத்துக்கு ஒரே போகம். அந்த நாட்களை முன்னும் பின்னும் எப்படி இழுத்து நீட்டுவது என்பதுதான் அங்கே ஒரு தோட்டக்கலை விஞ்ஞானியின் வேலை.

முதல் சிக்கல் விதைப்பிலேயே வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் விதைக்க வேண்டும், அப்போது தண்ணீர் இருக்காது. மேலே பனிப்பாறை உருகி வாய்க்காலில் தண்ணீர் தாராளமாக வருவதற்கு ஜூன் ஆகிவிடும். இதற்கு வழி கண்டவர் விஞ்ஞானி அல்ல, சிவில் இன்ஜினியர். செவாங் நோர்பெல். குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைக் கிராமத்துக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் தடுத்து உறைய வைத்தார். தாழ்வில் இருப்பதால் அது முன்னதாகவே உருகி விதைப்புக்கு உதவியது. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரை யார் வயலுக்கு எப்போது விடுவது என்று முறை வைக்க, ஊரே நியமிக்கும் 'சுர்பொன்' ஒருவர் இருப்பார். புதிதாகப் போகும் விஞ்ஞானி முதலில் போய்ப் பார்க்க வேண்டிய ஆள் அவர்தான் என்பேன். எந்த வயலில் தண்ணீர் நிற்கும், எந்தச் சரிவில் பனி முதலில் விலகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அடுத்தது குளிர்காலம். முன்பெல்லாம் லடாக்குக்கு வரும் சாலைகளான ஸ்ரீநகர் பக்கத்து சோஜி லா கணவாய், மணாலி பாதைகள் இரண்டும் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும், பச்சைக் காய்கறி வேண்டுமென்றால் விமானத்தில்தான் வரவேண்டும். எல்லையில் நிற்கும் படைவீரர்களுக்கும் ஊர்மக்களுக்கும் உள்ளூரிலேயே காய்கறி கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் 1962இல் லேயில் ஒரு கள ஆய்வகம் தொடங்கப்பட்டது. இன்று டிஹார் என்று சொல்லப்படும், டிஆர்டிஓ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் நிறுவனம் அதுதான். ராணுவம் உள்ளூர் விவசாயிகளிடம் காய்கறி வாங்குவதால் சந்தைக்கும் குறைவில்லை.

லடாக்கில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது, வருடத்தில் 300 நாட்களுக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். அந்த வெயிலைப் பிடித்து வைப்பதற்குத்தான் சூரியப் பசுமைக்குடில். கிழக்கு மேற்காக நீளமாகக் கட்டி, தெற்குப் பக்கம் முழுக்க பாலிதீன் போடுவார்கள். வடக்கில் தடித்த மண்சுவர், உள்பக்கம் கறுப்பு பூச்சு. பகலெல்லாம் சுவர் சூடு வாங்கி, இரவில் மெல்ல விடும். சாயங்காலம் பாலிதீனுக்கு மேல் திரையை இழுத்து மூடிவிட வேண்டும். ஹீட்டர் கிடையாது, எரிபொருள் செலவும் கிடையாது. வெளியே மைனஸ் 20 இருக்கும்போது உள்ளே பாலக்கும் வெந்தயக்கீரையும் உறையாமல் நிற்பதைப் பார்த்தால் அந்த மண்சுவர் மேல் தனி மரியாதை வந்துவிடும். இன்னும் எளியது பள்ளச் சாகுபடி. மூன்றடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, கீரை விதைத்து, மேலே பாலிதீன் மூடினால் போதும், நிலத்தின் சூடே பயிரைக் காக்கும். கையில் காசு இல்லாத குடும்பமும் செய்யலாம் என்பதால் எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது.

பழ மரங்கள் வேறு கதை. ஆப்ரிகாட் ஏப்ரலில் பூத்துவிடும், அப்போது ஓர் இரவு மைனஸ் 3 டிகிரி வந்தால் பூக்கள் கருகத் தொடங்கும். ஒரு வாரம் தாமதமாகப் பூக்கும் மரம் கிடைத்தால் அந்த ஆபத்திலிருந்து பெரும்பாலும் தப்பிக்கலாம். நல்லவேளையாக, லடாக்கில் தலைமுறை தலைமுறையாக விதை போட்டே மரம் வளர்த்திருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி. ஊர் ஊராக நடந்து, எது தாமதமாகப் பூக்கிறது, எதில் பழம் இனிக்கிறது என்று குறித்து, அதிலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்க வேண்டும். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற ரக்ட்சே கார்போ, வெள்ளை விதை ஆப்ரிகாட், இப்படி மக்கள் காத்து வைத்திருந்த செல்வம்தான். நம் சமையலறைப் பெருங்காயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இமயமலைத் தாவர வளங்களை ஆராயும், பாலம்பூரில் இருக்கும் ஐஹெச்பிடி நிறுவனம் 2020 அக்டோபரில் இமாசலத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில் அதை நட்டது. வேரிலிருந்து பெருங்காயமாகும் பாலை எடுக்க ஐந்து வருடம் போல ஆகும்.

இந்தத் துறையின் உண்மையான கஷ்டமும் இந்தக் காத்திருப்புதான், குளிரல்ல. சமவெளியில் வருடத்துக்கு இரண்டு, மூன்று போகம் பார்த்து முடிவுக்கு வரலாம். அங்கே ஒரு சோதனை கெட்டால் அடுத்த மே வரை சும்மா இருக்க வேண்டும். ஒரு ரகத்தைப் பரிந்துரைக்கக் குறைந்தது மூன்று பருவத் தரவு வேண்டும், மரமென்றால் காய்ப்புக்கு வரவே பல வருடம் ஆகும். கட்டுரை எண்ணிக்கையை வைத்துப் பதவி உயர்வு பார்க்கும் முறையில் இது உங்களைப் பின்தள்ளும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்த பள்ளத்திலிருந்து ஜனவரியில் ஒரு வீட்டுக்குக் கீரை போகிறது என்றால், அதற்கு ஈடாக எந்தக் கட்டுரையையும் நான் வைக்க மாட்டேன்.

சரி, நுழைவது எப்படி? தோட்டக்கலையில் இளங்கலை, முதுகலை, அப்புறம் முனைவர் பட்டம். வேளாண் விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான ஏஎஸ்ஆர்பி நடத்தும் ஏஆர்எஸ் தேர்வு வழியாக, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஏஆர்) நிறுவனங்களுக்குப் போகலாம், ஸ்ரீநகரில் குளிர்ப்பிரதேசத் தோட்டக்கலைக்கென்றே ஒன்று இருக்கிறது. டிஆர்டிஓவில் ஆய்வு உதவித்தொகையோடு சேர்ந்து தொடங்கவும் வழி உண்டு. இந்தி கட்டாயம் பேசத் தெரியவேண்டும், போனபிறகு லடாக்கியும் கற்றுக்கொள்ளுங்கள். போய் இறங்கியதும் முதல் சில நாட்கள் ஓய்வெடுங்கள், உயரம் யாரையும் விடாது.

முனைவர் ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கும்போது மட்டும் கவனம். பழப்பயிர் என்றால் புதிதாகக் கன்று நட்டுப் பார்க்கும் தலைப்பு வேண்டாம், உங்கள் காலத்துக்குள் அது காய்க்காது. ஏற்கனவே நிற்கும் மரங்களில் பூக்கும் காலம், உறைபனிச் சேதம், பழத்தைக் கெடாமல் சேமிப்பது என்று ஏதாவது எடுங்கள். கன்று நடுவதை நிரந்தர வேலை கிடைத்த முதல் வருடமே தொடங்கிவிடலாம்.