கை ரவுட்டரில் ஆழம் வைப்பது எப்படி? கேள்வி பதில்

மரத்தில் பள்ளமும் விளிம்பும் வெட்டும் கை ரவுட்டர் மெஷினில் ஆழம் வைப்பது பற்றி ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துப் பதில் தருகிறேன். எல்லாப் பதில்களுக்கும் பொதுவான ஒன்று: பிட்டையோ (சுழன்று வெட்டும் முனை), காலட் நட்டையோ (பிட்டின் தண்டைக் கவ்வும் காலட்டை இறுக்கும் நட்டு) தொடும் முன் பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கேள்வி: அண்ணா, புதிதாக பிளஞ்ச் ரவுட்டர் (மோட்டாரை அழுத்திப் பிட்டை மரத்துக்குள் இறக்கும் வகை) வாங்கியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு கம்பி, அதற்குக் கீழே மூன்று படிகள் கொண்ட ஒரு சுழல் வட்டு. 8 மி.மீ. ஆழம் வேண்டுமென்றால் எதை எங்கே வைக்க வேண்டும்?

பதில்: முதலில் பூஜ்யம் பிடிக்க வேண்டும் தம்பி. ரவுட்டரை நீங்கள் வெட்டப்போகும் மரத்தின் மேலேயே வையுங்கள். பிட்டின் நுனி மரத்தைத் தொடும் வரை மெதுவாக அழுத்தி, மோட்டாரை அந்த உயரத்திலேயே நிறுத்தும் பிளஞ்ச் லாக்கைப் போடுங்கள். வட்டைச் சுழற்றி, இருப்பதிலேயே தாழ்ந்த படியைக் கம்பிக்கு நேர் கீழே கொண்டுவந்து, கம்பியை அதன்மேல் இறக்குங்கள். அளவுகோல் முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, கம்பியை 8 மி.மீ. உயர்த்தி இறுக்கிவிடுங்கள். லாக்கை எடுத்தால் மோட்டார் மேலே எழும்பும். இனி எவ்வளவு அழுத்தினாலும் கம்பி படியில் இடிக்கும் இடத்தோடு சரி.

அந்த அளவுகோலை நான் பெரிதாக நம்புவதில்லை. கோடுகள் தடிமனாக இருக்கும், முள் கொஞ்சம் ஆடும். அதற்குப் பதில், பிட் மரத்தைத் தொட்டபடி லாக் ஆகியிருக்கும்போதே, 8 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதியைப் படிமேல் படுக்கவைத்து, கம்பியை அதன்மேல் இறக்கி இறுக்குங்கள். டிரில் பிட்டை உருவிவிட்டால் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் ஆழம். கதவுக்குக் கீல் பதிக்கிறீர்களா? கீலின் இலையையே அந்த இடத்தில் செருகுங்கள், அளக்கிற வேலையே இல்லை.

எப்படி வைத்தாலும் ஒரு வேஸ்ட் துண்டில் வெட்டி, வெர்னியர் காலிப்பரின் (அளவுக் கருவி) வால்கம்பியை இறக்கி அளந்து பார்த்த பிறகுதான் நல்ல மரத்துக்குப் போக வேண்டும்.

கேள்வி: சார், 12 மி.மீ. ஆழக் காடியை (நீளப் பள்ளம்) ஒரே மூச்சில் எடுக்கலாமா? மோட்டாருக்கு சக்தி இருக்கிறதே?

பதில்: மோட்டாருக்கு இருக்கும், பிட்டுக்கு இருக்காது. காடிக்குள் பிட் இரண்டு பக்கச் சுவரையும் அடியையும் சேர்த்து வெட்டுகிறது. தூள் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுழன்று சூடேறும். மரம் கருகும், பிட் முனை மழுங்கும், மெல்லிய பிட் என்றால் ஒடிந்தே போகும். அதைவிட மோசம், திடீரென்று பிட் மரத்தைக் கவ்வி ரவுட்டரைக் கையிலிருந்து இழுப்பது.

கால் அங்குலத் தண்டுள்ள பிட்டுக்கு ஒரு தடவைக்கு 3 மி.மீ., அரை அங்குலத் தண்டுக்கு 6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்டின் விட்டத்தில் பாதிக்கு மேல் போகாதீர்கள். தேக்கை விட இறுகிய மரமென்றால் இன்னும் குறையுங்கள். வட்டில் மூன்று படிகள் இருப்பதே இதற்காகத்தான்: உயரமான படியில் ஆரம்பித்து, தாழ்ந்த படியில் முடிக்க வேண்டும். நான்கு தடவை தேவைப்பட்டால், முதல் தடவையைக் கண்மதிப்பில் அழுத்தி லாக் போட்டு ஓட்டுங்கள். கடைசித் தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வைத்தால் அடி வழவழப்பாக வரும்.

காதையும் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் சத்தம் முனகலாக இறங்கினால் ஆழம் அதிகம், அல்லது தள்ளும் வேகம் அதிகம்.

கேள்வி: காடியின் ஆரம்பத்தில் 6 மி.மீ., முடிவில் 7 மி.மீ. லாக் நன்றாகத்தான் போட்டிருந்தேன். எப்படி இறங்கியது?

பதில்: பெரும்பாலும் பிட் காலட்டிலிருந்து நழுவியிருக்கும். மேல்நோக்கித் தூளை இழுக்கும் ஸ்பைரல் பிட்டுகள் இதில் கெட்டிக்காரர்கள், வெட்டும்போதே தங்களைக் கீழே இழுத்துக்கொள்ளும்.

காலட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். பிசினும் தூளும் ஒட்டியிருந்தால் பிடி குறையும், பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். உள்ளே தேய்ந்து வடு விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிட்டைச் செருகும்போது அடிவரை தள்ளி, அப்புறம் 2, 3 மி.மீ. வெளியே இழுத்து இறுக்க வேண்டும். அடியில் முட்டி நின்றால், இறுக்கும்போது காலட் தண்டைச் சரியாகக் கவ்வாது. ஆழம் போதவில்லை என்று தண்டை நுனியில் பிடிக்க வைப்பது ஆபத்து. நீளமான பிட் வாங்குங்கள். தண்டு காலட்டுக்குள் நுழையும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகினால் நழுவுகிறது என்று அர்த்தம். பிட் இல்லாமல் நட்டை இறுக்கி வைக்கவும் கூடாது, காலட் கோணிவிடும்.

ஆழம் குறைந்துபோனால் கதை வேறு: ரவுட்டரின் அடித்தட்டான பேஸுக்கு அடியில் தூள் சேர்ந்திருக்கும்.

கேள்வி: என்னுடையது சின்ன டிரிம் ரவுட்டர். கம்பியும் இல்லை, வட்டும் இல்லை. லிவரைத் தளர்த்தினால் மோட்டார் தொபுக்கென்று இறங்குகிறது.

பதில்: மோட்டாரை ஒரு கையால் தாங்கிக்கொண்டே தளர்த்துங்கள். 5 மி.மீ. ஆழம் வேண்டுமென்றால், 5 மி.மீ. கனத்தில் இரண்டு பலகைத் துண்டுகளை மேசையில் இடைவெளி விட்டு வைத்து, பேஸை அவற்றின்மேல் நிறுத்துங்கள். பிட் இடைவெளிக்குள் இறங்கி மேசையைத் தொட்டதும் லிவரைப் பூட்டுங்கள். பூட்டும்போது இம்மி நகரும், அதனால் பூட்டிய பிறகு ஒருமுறை சரிபாருங்கள்.

இந்த வகையில் பிட் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். மரத்தைத் தொடாத நிலையில் ஆன் செய்யுங்கள். ஆஃப் செய்த பிறகு சுழற்சி முழுதாக நிற்கும் வரை கீழே வைக்காதீர்கள்.

கேள்வி: விளிம்பை உருட்டும் பிட் போட்டால், வளைவுக்கு மேலே ஒரு படிக்கட்டுக் கோடு விழுகிறதே?

பதில்: ஆழம் அந்த வளைவின் ஆரத்தைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் ஏற்றுங்கள். பிட்டின் நுனியில் இருக்கும் சிறு சக்கரமான பேரிங் உருள நேரான சுவர் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 12 மி.மீ. பலகையில் 9 மி.மீ. ஆரத்தை ஒரு பக்கம் எடுத்துவிட்டால், மறுபக்கம் திருப்பும்போது பேரிங் ஏற்கெனவே உருட்டிய வளைவில் ஏறி உள்ளே வாங்கிவிடும்.

கேள்வி: எந்தப் பக்கமாகத் தள்ளுவது?

பதில்: வெட்டும் விளிம்பு உங்களைப் பார்த்து இருந்தால், இடமிருந்து வலம். மாற்றித் தள்ளினால் ரவுட்டர் தானே ஓடப்பார்க்கும்.

கேள்வி: கதவுப் பலகைக்கு விளிம்பு சரிக்கும் பெரிய பிட்டைக் கையில் பிடித்து, ஆழத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். அவ்வளவு அகலமான பிட்டை ரவுட்டர் மேசையில் பொருத்தி, வேகத்தை நன்றாகக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். கையில் பிடித்து ஓட்டினால் ஆழம் எவ்வளவு குறைவானாலும் அதை அடக்க முடியாது.