பள்ளிகளில் மீத்திறன் மாணவர்களை நியாயமாக அடையாளம் காண்பது எப்படி?

தன் வயதுப் பிள்ளைகளைவிட வெகு வேகமாக, ஆழமாகக் கற்கும் பிள்ளையை மீத்திறன் மாணவர் என்கிறோம். அந்தத் திறன் எந்தப் பிள்ளையிடம் இருந்தாலும் கண்ணில் படும்படி தேடுவதுதான் நியாயமான முறை.

கோளாறு எங்கே? பல பள்ளிகளில் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் தேர்வே நடக்கும். சட்டென்று கை தூக்கும், நோட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் பிள்ளையின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். கணக்கை மனதுக்குள்ளேயே முடித்துவிட்டு, வழிமுறை எழுதாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை 'கவனமில்லாதவன்' ஆகிவிடுவான். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்குக் கேள்வியே புரியாது. அதைத் திறன் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள்.

இது கண் பரிசோதனை மாதிரி. பலகை மங்கலாகத் தெரிவதே இயல்பு என்று நினைக்கும் பிள்ளை புகார் சொல்லாது. எல்லோரையும் சோதித்தால்தான் தெரியவரும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம் 2005-ல் இப்படித்தான் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் முதற்கட்டத் தேர்வு வைத்தது. ஏழை, சிறுபான்மைப் பிள்ளைகள் தேர்வாவது வெகுவாக அதிகரித்தது. அப்புறம், தேர்வு மட்டும் போதாது என்பேன். படங்களை வைத்துக் கேட்கும் கேள்விகள், பிள்ளை தானாகச் செய்த படைப்புகள், சில ஆண்டுகள் கழித்து மறுவாய்ப்பு எல்லாம் வேண்டும்.

"இது தகுதியைத் தளர்த்தும் வேலை" என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த மாவட்டத்தில் தகுதி வரம்பு மாறவில்லை, தேடிய பரப்புதான் விரிந்தது.