பாதி ஆண்டில் வாடும் வகுப்பு

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் பதினொன்றாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 42 பேர். தொடக்கத்தில் துருதுருவென்று இருந்த பிள்ளைகள் நான்கைந்து மாதத்தில் சுருண்டுவிடுகிறார்கள். வீட்டுப்பாடம் வருவதில்லை, கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நன்றாகப் படித்துவந்த மாணவி ஒருத்திக்குத் தேர்வு நாட்களில் மட்டும் வயிற்றுவலி வருகிறது. ஊக்கமூட்டும் பேச்சாளர் ஒருவரை அழைக்கலாம் என்கிறது நிர்வாகம். வாரம் ஒரு பரிசு வைக்கலாமா என்று நானும் யோசிக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

பேச்சாளரை அழைப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் கைதட்டுவார்கள். மறுநாள் காலை அதே முடிக்காத நோட்டோடு வந்து உட்காருவார்கள். ஊக்கம் போனதால் படிப்பு நின்றது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் படிப்பு எங்கோ சிக்கி நின்றிருக்கும், ஊக்கம் அதற்குப் பிறகுதான் போயிருக்கும். சிக்கிய இடத்தைத் தேடுங்கள்.

அது நோட்டிலேயே கிடக்கும். வாடிய பிள்ளைகளில் ஐந்து பேரின் கணக்கு நோட்டை வாங்கி முதலிலிருந்து புரட்டுங்கள். முதல் மாதத்தில் தேதி இருக்கும், தலைப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கும். பிறகு கோடு போகும், தேதியும் போகும். அப்புறம் ஓரிடத்தில் கேள்வி எண்ணை மட்டும் எழுதி அரைப் பக்கம் காலியாக விட்டிருப்பார்கள், ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்று. அந்த இடம் எந்த வாரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வரி எழுதி நின்றிருந்தால் அடுத்த படி புரியவில்லை. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் தீரும். நாலு பக்கம் மொத்தமாக விடுபட்டிருந்தால் பிள்ளை அப்போது காய்ச்சலில் கிடந்ததா, வீட்டில் ஏதேனும் நடந்ததா, எல்லாப் பாடத்திலும் ஒரே சமயத்தில் வேலை குவிந்ததா என்று கேட்க வேண்டும். அடித்தல் திருத்தல் இல்லாமல் விடைகள் பளிச்சென்று இருக்கிறதா, அது பக்கத்து பெஞ்சிலிருந்து வந்தது. திட்டாதீர்கள். மூழ்குகிறவன் பிடித்த துரும்பு அது.

கேட்கும் விதமும் முக்கியம். ‘ஏன் எழுதவில்லை?’ என்றால் தலை குனியும். ‘எந்த வரியில் நின்றுபோச்சு?’ என்று நோட்டைத் திறந்துவைத்துக் கேளுங்கள், விரல் வைத்துக் காட்டும்.

வேலை குவிவது தனிப்பட்ட யாருடைய தவறும் இல்லை. ஒவ்வோர் ஆசிரியரும் ‘அரைமணி நேர வேலைதானே’ என்று கொடுப்பார். ஆறு பாடத்துக்கு அது மூன்று மணி நேரம். அதுவும் ஆசிரியர் கணக்கில் அரைமணி. கற்கிறவருக்கு ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கும் தங்கள் நேரத்தைக் கணிக்கத் தெரியாது. 1994இல் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. ஆனது 55 நாள்.

வகுப்புச் சுவரில் ஏழு கட்டம் போட்ட தாள் ஒன்றை ஒட்டுங்கள். யார் வேலை கொடுத்தாலும் எந்த நாளுக்கு, எத்தனை நிமிடம் என்று அதில் எழுதிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒரு நாளின் கூட்டுத்தொகை 120ஐத் தொட்டால் அந்தக் கட்டம் மூடியாயிற்று. ஒரே நாளில் இரண்டு தேர்வு கூடாது. 120 என்பது நான் சொல்லும் அளவு, பிள்ளைகளின் பயண நேரம் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ‘என் பாடம் மட்டும் விதிவிலக்கு’ என்று மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னால் தாள் அன்றோடு செத்தது. அதனால் தலைமையாசிரியர் வாயால் அறிவிக்க வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்த பாக்கியை முழுக்க முடிக்கச் சொல்லாதீர்கள். அடுத்த பாடம் எதன்மேல் நிற்கிறதோ அதை மட்டும் பொறுக்கி எடுங்கள். மற்றதைத் தேர்வுக்கு முந்தைய மீள்பார்வைக்குத் தள்ளலாம், சிலதைத் துணிந்து விட்டுவிடலாம். தினமும் அன்றைய பாடம் முதலில், பிறகு பாக்கிக்கு 30 நிமிடம். இந்த வரிசையை மாற்றினால் பழையதை அடைப்பதற்குள் புதுக்கடன் ஏறிவிடும்.

அடுத்து, வாரம் இருமுறை ஐந்து கேள்வி, பத்து நிமிடம். அன்றைய பாடத்தில் இரண்டு, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று. பிள்ளைகளே திருத்திக்கொள்ளட்டும், மதிப்பெண் எங்கும் பதிவாகக் கூடாது. 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். ‘ராத்திரி படிச்சேன், காலையில மறந்துபோச்சு’ என்று அழும் பிள்ளைக்கு மூளை மந்தமில்லை, எழுதிப் பார்க்கும் பழக்கம் இல்லை. போன மாதக் கேள்விக்கு விடை வரும்போது அந்த முகத்தைப் பாருங்கள், பேச்சாளர் தர முடியாதது அங்கே இருக்கும். ஒரே ஒருமுறை மதிப்பெண்ணைச் சத்தமாக வாசித்தாலும் இது இன்னொரு தேர்வாகிவிடும்.

வாரப் பரிசு வேண்டாம். முதலில், அதே நாலு பேர்தான் வாங்குவார்கள். இன்னொன்று, 1973இல் மார்க் லெப்பரும் மற்றவர்களும், படம் வரைய ஆசைப்படும் சிறு குழந்தைகளிடம் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அந்தக் குழந்தைகளின் வரைதல் குறைந்தது. சொல்லாமல் திடீரென்று கொடுத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, பிள்ளைகளிடம் கேட்டுவிடுங்கள். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தேவை. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. எழும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்வதுதான் பிடி. விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் வேண்டாம். காபியில் உள்ள காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும், ஆகவே மாலைக் காபி படிப்புக்கு உதவாது.

வயிற்றுவலி மாணவியை முதலில் மருத்துவர் பார்க்கட்டும். அவர் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் வலி நடிப்பல்ல. பயம் வயிற்றைப் பிசையும். ‘சரி, இன்று எழுத வேண்டாம்’ என்று விடுவது கருணைபோலத் தெரியும், ஆனால் தப்பித்த நிம்மதியை உடல் கற்றுக்கொள்ளும், அடுத்த தேர்வுக்கு முந்தின நாளே வலி வரும். படியைத் தாழ்த்துங்கள், அகற்றாதீர்கள். இந்த வாரம் அதே அறையில், நீங்கள் மட்டும் இருக்க, 10 நிமிடத் தேர்வு. அடுத்து ஐந்து தோழிகளோடு 20 நிமிடம். அப்புறம் வகுப்போடு. தாள் கையில் வந்ததும் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடட்டும், மூன்று நிமிடம். தெரிந்த கேள்வியில் தொடங்கட்டும். தேர்வுக்கு முன் பயத்தை எழுதித் தீர்த்தால் மதிப்பெண் கூடும் என்று 2011இல் ஒரு பிரபலமான ஆய்வு வந்தது. மறுசோதனையில் அந்தப் பலன் கிட்டவில்லை. முயன்று பார்க்கலாம், நம்பியிருக்க வேண்டாம்.

இவை எதிலும் அடங்காத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கலாம். இரண்டு வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் மாறியிருக்கும், கூட்டாளிகளை விட்டு விலகியிருக்கும், பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடும், ‘நான் இல்லைன்னா எல்லாருக்கும் நல்லது’ என்று போகிற போக்கில் சொல்லும். அங்கே அட்டவணை பேசாதீர்கள். தனியே அழைத்து, ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் அதிராமல், அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்கே ஆலோசகருக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டியிருக்கும். வீடே காரணமென்று பிள்ளை சொன்னால் பெற்றோருக்கு எப்படிச் சொல்வது என்று முதலில் ஆலோசகரிடம் கேளுங்கள். பொறுப்பான ஒருவர் வந்து அழைத்துப் போகும்வரை அந்தப் பிள்ளையைக் கழிப்பறைக்குக்கூடத் தனியாக விடாதீர்கள்.