பனி அபூர்வமான ஊரில் பனிக்காலத்து வண்டி: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பதில்

கேள்வி: பனி அதிகம் விழாத ஊர்களில் திடீரென்று ஒருநாள் பனி கொட்டிச் சாலை ஆபத்தாகிவிட்டால், பழக்கமே இல்லாத ஓட்டுநர்கள் எப்படிச் சமாளிப்பது?

வெண்பனி கொட்டி நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் மூடுபனி. பெயர் என்னவோ இரண்டுக்கும் பனிதான். புல்லில் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, இமயமலையில் உறைந்து கிடப்பதும் பனி. கேள்வியில் இருக்கிற "பழக்கமே இல்லாத" என்ற சொல்தான் என்னைப் பதில் எழுத வைத்தது. எங்கள் பக்கமும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வீடு காவேரிப்பட்டணத்தில், வேலை ஓசூரில். காலை 6 மணி ஷிஃப்டுக்கு 11 வருஷமாக விடிவதற்கு முன்பே கிளம்பிப் போகிறேன். முதல் 4 வருஷம் பைக், பிறகு கார். வருஷத்தில் பத்து மாதம் இந்த ரோட்டில் பனி என்ற பேச்சே இருக்காது. மார்கழி, தையில்தான் சில விடியற்காலைகள் மூடிக்கொள்ளும். டெல்லி, பஞ்சாப் பக்கம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும், அங்கே ஓட்டுகிறவர்களுக்குக் கை பழகிவிடும். நமக்கு நேற்று சாலை தெளிவாக இருந்தது, நாளையும் தெளிவாக இருக்கும். நடுவில் வரும் அந்த ஒரு நாளையும் நேற்றைய வேகத்திலேயே ஓட்டுகிறோம்.

எந்த ராத்திரி பனி இறங்கும் என்று ஓரளவு முன்கூட்டியே ஊகிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறி, ஏரிகள் நிரம்பியிருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லென்று ஆகிவிடும். தரையை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து நீர்த்துளியாக மாறும், அதுதான் மூடுபனி. ஆகவே படுக்கப் போகும்போது நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, மர இலை அசையாமல் இருந்தால் விடியற்காலையில் ஜாக்கிரதை. அதுவும் ஊர் முழுக்க ஒரே மாதிரி இறங்காது. பள்ளத்திலும் ஏரிக்கரையிலும் ஆற்றுப் பாலத்திலும் திட்டுத்திட்டாக நிற்கும். கிருஷ்ணகிரி 500 மீட்டர் சொச்சம் உயரம், ஓசூர் ஏறக்குறைய 900. இந்த ஏற்றத்தில் ஐந்து கிலோமீட்டர் தெளிவாக வந்து, ஒரு வளைவு திரும்பியதும் வெள்ளைச் சுவரில் நுழைவோம்.

மூன்று வருஷம் முன்னால் எனக்கு நடந்தது அதுதான். பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. மேலுமலை தாண்டி, 70இல் போய்க்கொண்டிருந்தேன். சட்டென்று மூடிவிட்டது. பதற்றத்தில் ஹை பீம் போட்டேன். கண்ணெதிரே வேட்டி விரித்த மாதிரி ஒரே வெள்ளை. ஒவ்வொரு நீர்த்துளியும் அந்த வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அடிக்கும். உடனே லோ பீமுக்கு மாற்றி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி நாற்பதுக்கு இறங்கியிருக்கும். கண்ணாடிக்கு நேராகப் பச்சையாக என்னவோ ஆடியது. கரும்புத் தோகை! பிரேக்கை ஏறி மிதித்தேன். வண்டி நின்றபோது தோகை நுனி பானெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கரும்பு ஏற்றிய டிராக்டர், பஞ்சராகி இடது லேனிலேயே நின்றிருந்தது. பின்னால் ஒரு விளக்கும் இல்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். புருவமெல்லாம் பனித்துளி. "லைட்டு ஒயரு அந்துபோச்சுண்ணா" என்றான். காரைச் சாலையை விட்டு மண்ணில் இறக்கி நிறுத்தினேன். அவனையும் இழுத்துக்கொண்டு மண் ஓரமாகவே நூறு தப்படி பின்னால் ஓடி, இரண்டு பேரும் செல்போன் வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டு நின்றோம். ஒரு லாரி ஹாரனை அலறவிட்டபடி கடைசி நேரத்தில் வலது பக்கம் ஒடித்துப் போனது. அந்தக் காற்று இன்னும் என் முகத்தில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80இல் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் நகரும். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி பிடித்தால் அதிலேயே 33 மீட்டர் போய்விடும். பிறகு பிரேக் பிடித்து நிற்கக் காய்ந்த சாலையிலேயே 38 மீட்டர் போல ஆகும். மொத்தம் 70க்கு மேல். நாற்பதில் போனால் 26, 27 மீட்டரில் நிற்கலாம். ஈரச்சாலையில் எல்லாமே கூடும். அன்று எனக்குத் தெரிந்தது முப்பது மீட்டர் இருந்தால் அதிகம். லாரி ஓட்டிய என் தாய்மாமா இந்தக் கணக்கையெல்லாம் போட்டதில்லை. "கண்ணு போற தூரத்துக்குள்ள வண்டி நிக்கணும் மாப்ள, நிக்காதுன்னா அது வேகமில்ல, குருட்டாம்போக்கு" என்பார்.

நம் ஊரில் பரவலாகச் செய்யும் இரண்டு விஷயங்கள் எனக்கு உடன்பாடில்லை. ஒன்று, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டே ஓட்டுவது. பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் ஓடுகிறீர்களா, நின்றிருக்கிறீர்களா என்றே தெரியாது. லேன் மாறப்போவதையும் காட்ட முடியாது. அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. இன்னொன்று, முன்னால் போகும் பஸ்ஸின் வால் விளக்கைப் பிடித்துக்கொண்டே போவது. துணை கிடைத்த மாதிரி தைரியமாக இருக்கும்தான். ஆனால் அவர் கண்ணை நம்பி நீங்கள் ஓட்டுகிறீர்கள். அவர் எதிலாவது மோதினால் அடுத்த மோதல் உங்களுடையது.

கண்ணாடி உள்பக்கம் மங்கினால் கையால் துடைக்காதீர்கள். ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். ஏசி உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். வெளிப்பக்கத்துக்கு வைப்பர். பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலை ஒரு விரல்கடை இறக்கிவையுங்கள். கண்ணுக்குத் தெரியாத வண்டி காதுக்குக் கேட்கும்.

சாலையில் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பும் வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் இருட்டிலேயே ஓரமாகப் போவார்கள். பால் கேன் கட்டிய டிவிஎஸ், பூ மார்க்கெட்டுக்குப் போகும் மினி டெம்போ. ராகி அறுவடை சமயத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைகள் வரும், சானமாவு காட்டிலிருந்து பேரண்டப்பள்ளி பக்கம் ரோட்டைக் கடக்கும். அங்கே பலகை பார்த்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவேன். தெரிந்தால் ஹாரன் அடிக்காமல் தூரத்திலேயே நின்றுவிட வேண்டும்.

தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய். அங்கே டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதைப் போல அபாயம் வேறில்லை. சாலை நனைந்திருந்தால் கியரைக் குறைத்து, என்ஜின் பிடியிலேயே இறங்குங்கள்.

நிஜமான வெண்பனி பற்றி என் தங்கை வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். காரிமங்கலத்துக்காரர், இப்போது டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறார். அங்கேயும் பனி அபூர்வம். 2021 பிப்ரவரி 11 விடியற்காலையில் ஃபோர்ட் வொர்த் நெடுஞ்சாலையில் மழைத்துளி விழுந்ததும் உறைந்து, சாலை கண்ணாடியாகிவிட்டது. 130க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதி 6 பேர் இறந்தார்கள். தரைச்சாலையைவிடப் பாலம் முதலில் உறையும், அடியிலும் குளிர்காற்று போவதால். அந்த மாதிரி நாளில் அவர் காரை எடுப்பதே இல்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் திடீர் பிரேக், திடீர் திருப்பம், திடீர் ஆக்ஸிலேட்டர் மூன்றும் கூடாது, முன் வண்டிக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி விட வேண்டும் என்கிறார்.

நான் இப்போது மார்கழி, தையில் நாலரைக்குப் பதில் மூன்றே முக்காலுக்கே கிளம்புகிறேன். ரொம்ப மூடினால் ரோட்டோரத்தில் நிறுத்தாமல் பெட்ரோல் பங்க்கோ டீக்கடையோ பார்த்து, சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு, ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு போன் போட்டுவிடுவேன். போன வருஷம் இரண்டு நாள் அரைச் சம்பளம் போனது. போகட்டும்.

டிக்கியில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒரு சுருள் எப்போதும் கிடக்கும். டீக்கடையில் டிராக்டர்காரர் யாராவது நின்றால் கேட்டு, டிரெய்லரின் பின்பக்கம் இரண்டு மூலையிலும் ஒட்டிவிடுகிறேன். மண்ணைத் துடைத்து, தகடு காய்ந்தபிறகு ஒட்ட வேண்டும், பனி ஈரத்தில் பிடிக்காது.